லிஸ்பன் முற்றுகை, 1147: கடல்வழி வந்த அந்நியப் படை ஒரு நகரைப் பிடித்த 17 வாரங்கள்

இரண்டாம் சிலுவைப்போர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1148-இல் டமாஸ்கஸ் மதிலடியில் சில நாட்களிலேயே கலைந்துபோன முற்றுகைதான். பிரெஞ்சு மன்னரும் ஜெர்மன் மன்னரும் நேரில் போய் நின்றும் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதே போருக்குக் கிளம்பிய இன்னொரு கூட்டம் அரசர் எவரும் இல்லாமல் கப்பலில் போனது. ஜெருசலேமுக்குப் போகும் வழியில் நின்று, 1147 ஜூன் 28 முதல் அக்டோபர் 24 வரை முஸ்லிம்கள் வசமிருந்த லிஸ்பனை முற்றுகையிட்டு, நகரைப் பிடித்து, புதிதாக முளைத்த போர்ச்சுகல் அரசுக்குக் கொடுத்தது.

இந்த முற்றுகை பற்றி நமக்கு இவ்வளவு விவரம் கிடைப்பது அபூர்வமான வாய்ப்பு. ராவுல் என்ற பாதிரியார் களத்திலிருந்து இங்கிலாந்துக்கு எழுதிய நீண்ட லத்தீன் கடிதம் ஒன்று. ஜெர்மானியர் தரப்பிலிருந்து போன கடிதங்கள் சில. இரு தரப்பும் ஒன்றையொன்று குறை சொல்வதால், ஒன்று மறைப்பதை மற்றது காட்டிக் கொடுக்கிறது. இவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒன்று புலப்படும். இந்தப் படையின் ஒழுங்கு முழுக்க ஆணைகளாலும் எழுத்து ஒப்பந்தங்களாலும் கட்டப்பட்டது. ஒப்பந்தம் வாய் திறந்த விஷயங்களில் படை கட்டுக்கோப்பாக நடந்தது. அது பேசாமல் விட்ட இடத்தில் கலகமும் கொலையும் நடந்தன.

டார்ட்மவுத் உறுதிமொழி

ஜெர்மனியின் கொலோன் நகரத்தார் ஏப்ரல் 27 அன்று கிளம்பி, மே 19 அன்று தென் இங்கிலாந்தின் டார்ட்மவுத் துறைமுகத்துக்கு வந்தார்கள். அங்கே பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பகுதியின் பிளெமிஷ் மக்களும் ஆங்கிலேயரும் நார்மன்களும் பிரெட்டன்களும் கூடியிருந்தார்கள். ராவுல் கணக்குப்படி கப்பல்கள் ஏறக்குறைய 164. மே 23 அன்று பாய் விரித்தார்கள்.

ஜெர்மானியருக்குத் தலைவர் ஆர்ஷாட் பிரபு ஆர்னோல்ட். பிளெமிஷ் மக்களுக்குக் கிஸ்டெல் ஊர் கிறிஸ்டியன். ஆங்கிலேயர் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தார்கள்: நார்ஃபோக், சஃபோக் ஆட்கள் ஹெர்வி டி கிளான்வில் கீழ், கென்ட் ஆட்கள் டோவர் சைமன் கீழ், லண்டன்காரர்கள் ஆண்ட்ரூ என்பவர் கீழ், மீதிக் கப்பல்கள் ஆர்செல் சாஹர் கீழ். இவர்களில் பெரிய பிரபுக்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் சிறு நிலக்கிழார்கள், வியாபாரிகள், மாலுமிகள், துறைமுக ஊர்களின் சாதாரண ஆட்கள். யாருக்கும் யார் மீதும் அதிகாரம் இல்லை. ஆகவே அதிகாரத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

உயிருக்கு உயிர், பல்லுக்குப் பல் என்பது தண்டனை விதி. ஆடம்பர உடை கூடாது. பெண்கள் வெளியில் நடமாடக் கூடாது. கப்பலுக்கு ஒரு பாதிரியார் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு தோறும் நற்கருணை. வாரந்தோறும் பாமரருக்கும் குருக்களுக்கும் தனித்தனிக் கூட்டம். ஆயிரம் பேருக்கு இரண்டு பேர் ஆணையிட்டு நடுவர்களாக நியமிக்கப்பட்டார்கள். வழக்குத் தீர்ப்பதும் பணம் பங்கிடுவதும் அவர்கள் பொறுப்பு. ஒரு துறவு மடத்தின் ஒழுங்கும் ஒரு வணிகக் குழுவின் கணக்கும் கலந்த ஏற்பாடு இது. பக்தியும் பங்கும் ஒரே தாளில் எழுதப்பட்டிருப்பது நம் காலத்துக் கண்ணுக்கு உறுத்தலாம். அந்தக் காலத்து மாலுமிக்கு அதில் முரண் எதுவும் தெரிந்திருக்காது. இரண்டுக்குமாகத்தான் அவன் கப்பல் ஏறினான்.

போர்ட்டோவில் பிரசங்கம், லிஸ்பனில் பேரம்

ஜூன் 16 அன்று போர்ட்டோவை அடைந்தபோது அந்த ஊர் பிஷப் பெட்ரோ பிடோயிஸ் காத்திருந்தார். கூட்டம் கோவிலில் கொள்ளாததால் மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்தில் பிரசங்கம் நடந்தது. அவர் லத்தீனில் பேச, மொழிபெயர்ப்பாளர்கள் அவரவர் மொழியில் சொன்னார்கள். ஜெருசலேமுக்குப் போவது மட்டும் பெருமையல்ல, போகும் வழியில் நல்லது செய்வதே பெருமை என்பது அவர் வாதம். போர்ச்சுகல் மன்னர் அபோன்சோ என்ரிக்கஸ் அந்த மார்ச் 15 அன்றுதான் சாண்டாரெம் கோட்டையை இரவோடு இரவாக ஏணி வைத்து ஏறிப் பிடித்திருந்தார். தேஜோ ஆற்றில் அதற்குக் கீழே இருந்த பெரிய நகரம் லிஸ்பன். சாண்டாரெம் கையில் இருந்தால் லிஸ்பனுக்கு ஆற்றின் மேற்பகுதியிலிருந்து உதவி வராது. கடல்வாயை அடைக்கக் கப்பல் வேண்டும், அது மன்னரிடம் இல்லை. வந்திருந்த 164 கப்பல்களுக்காகத்தான் அந்தப் பிரசங்கம்.

லிஸ்பன் கரையில் இறங்கியதும் முதல் விரிசல். சௌத்ஹாம்ப்டன், ஹேஸ்டிங்ஸ் ஆட்களில் பலர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே மன்னரை நம்பி இதே ஊரை முற்றுகையிட வந்து வெறுங்கையோடு போனவர்கள். வீல் சகோதரர்கள் என்ற வில்லியமும் ரால்ஃபும் அவர்களுக்காகப் பேசினார்கள்: மன்னர் வாக்கை நம்ப முடியாது, கடலோரமாகப் போய்க் கப்பல்களை மடக்கிப் பணம் பார்ப்பதே மேல் என்றார்கள். ஹெர்வி டி கிளான்வில் டார்ட்மவுத் உறுதிமொழியை நினைவூட்டி, முன்னோர் பெருமையைச் சொல்லி, கடைசியில் மண்டியிட்டுக் கெஞ்சித்தான் அவர்களை நிறுத்த முடிந்தது.

அதன் பிறகு மன்னர் எழுதிக் கொடுத்த சாசனத்தின் அம்சங்கள் இவை. எதிரியின் உடைமை முழுவதும் அந்நியருக்கே. மன்னருக்கும் அவர் ஆட்களுக்கும் அதில் பங்கில்லை. உயிரோடு பிடிபட்டவர்களின் மீட்புப் பணமும் அந்நியருக்கே. ஆட்கள் மட்டும் மன்னரிடம் வர வேண்டும். நகரைப் பிடித்தால், தேடிச் சலித்து மனம் நிறையும் வரை அவர்களே வைத்திருக்கலாம்; பிறகு மன்னரிடம் ஒப்படைக்க வேண்டும். நிலங்கள் தகுதிப்படி அவர்களுக்குப் பங்கிடப்படும், பிரெஞ்சு வழக்கப்படியான உரிமைகளோடு. முற்றுகையில் கலந்தவர்களின் கப்பலுக்கும் சரக்குக்கும், அவர்கள் வாரிசுகளின் சரக்குக்கும், மன்னர் நாடெங்கும் சுங்கம் கிடையாது.

கடைசிப் பிரிவு கவனிக்கத்தக்கது. கொள்ளை ஒருமுறைதான், சுங்க விலக்கு தலைமுறைக்கும் வரும். துறைமுக வியாபாரிக்கு எது இனிக்கும் என்று தெரிந்த யாரோ எழுதியது. இவ்வளவு நுணுக்கமான சாசனம் ஒன்றைச் சொல்லாமல் விட்டது: நகரம் பேச்சுவார்த்தையில் சரணடைந்தால் அந்தச் சரணை யார் ஏற்பது? பிணைக் கைதிகள் யாரிடம் இருப்பார்கள்?

தானியக் குழிகள்

மலைமேல் கோட்டை, அங்கிருந்து இரு கைகளாக மதில் ஆற்றுக்கு இறங்குகிறது. மதிலுக்கு வெளியே மேற்கிலும் கிழக்கிலும் புறநகர்கள். ஆங்கிலேயரும் நார்மன்களும் மேற்கே, கொலோன்காரர்களும் பிளெமிஷ் மக்களும் கிழக்கே, மன்னர் வடக்கு மேட்டில் என்று பாளையம் அமைந்தது.

ஜூலை 1 அன்று மேற்குப் புறநகரில் வேலைக்காரப் பையன்கள் தொடங்கிய கல்வீச்சு பெரிய கைகலப்பாக மாறியது. திட்டமில்லாத அந்தத் தாக்குதலில் குறுகலான தெருக்களும் நெருக்கமான வீடுகளும் கொண்ட அந்தப் பகுதி முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. முற்றுகையின் முடிவைப் பாதி தீர்மானித்த நாள் அது. நகருக்குள் பாறை என்பதால் தானியக் குழிகளைப் புறநகரின் சரிவில்தான் வெட்டியிருந்தார்கள். கோதுமை, பார்லி, தினை, பயறு என ஏறக்குறைய 1,00,000 பொதி அங்கே கிடைத்ததாக ராவுல் எழுதுகிறார். எண் மிகையாகவே இருக்கட்டும். முற்றுகையிடுபவன் பட்டினியால் கலைவதுதான் அந்தக் காலத்து வழக்கமான முடிவு, இங்கே எதிரியின் களஞ்சியத்தையே அவன் தின்றான்.

வெளியிலிருந்து உதவியும் இல்லை. மொராக்கோவையும் தென் ஸ்பெயினையும் ஆண்ட அல்மொராவிது என்ற முஸ்லிம் அரச மரபு சரிந்துகொண்டிருந்தது. அவர்கள் தலைநகரான மராகேஷ் அந்த ஆண்டுதான் அல்மொஹாதுகள் என்ற போட்டி முஸ்லிம் மரபிடம் விழுந்தது. அண்டையிலிருந்த எவோரா ஆட்சியாளருக்கு லிஸ்பன்காரர்கள் எழுதினார்கள். வந்த பதிலைச் சிலுவைப் படை வழிமறித்துப் பிடித்தது: போர்ச்சுகல் மன்னரோடு எனக்குச் சமாதான ஒப்பந்தம் உண்டு, மீற முடியாது, பணம் கொடுத்து உயிரை மீட்டுக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பையும் ஓர் ஒப்பந்தமே கட்டிப் போட்டிருந்தது.

பொறிகள்: எது பழுதானது, ஏன்

ஆகஸ்டு தொடக்கத்தில் எல்லாத் தரப்பும் தனித்தனியாகப் பொறி கட்டின. பிளெமிஷ், கொலோன் ஆட்கள் மதிலடியைக் குடைய மறைப்புக் கூடாரமும், இடிமரமும், நகரும் கோபுரமும் செய்தார்கள், எல்லாம் எரிந்தன. ஆங்கிலேயர் 95 அடி உயரக் கோபுரம் ஒன்றைக் கட்டி ஆற்றோர மணலில் உருட்டினார்கள். மதிலை நெருங்கும் முன்பே சக்கரம் புதைந்தது. அவ்வளவு உயரமும் எடையும் சில சக்கரங்கள் மேல் நிற்க, அடியிலே ஈர மணல். அசையாமல் நின்ற கோபுரத்தின் மேல் உள்ளிருந்து கல்லெறி பொறிகள் இரவும் பகலும் அடித்தன. நான்கு நாளில் எரிந்துபோனது. படை மனமொடிந்து சில நாள் எதுவும் செய்யவில்லை. கொலோன்காரர்கள் ஐந்து முறை சுரங்கம் தோண்டி ஐந்து முறையும் கைவிட்டார்கள்.

பிறகு உத்தி மாறியது. கப்பல்களைக் கரைக்கு இழுத்து, பாய்மரங்களை இறக்கி, கயிறுகளை உள்ளே அடுக்கினார்கள். நகரம் மேலிருந்து பார்க்கும்படி செய்த காரியம் இது: குளிர்காலம் முழுக்க இங்கேதான் என்று சொல்லாமல் சொன்னார்கள். நகரத்து முஸ்லிம்களான மூர்களும் தங்கள் பக்கம் மதிலில் நின்று, நீங்கள் இங்கே கிடக்க உங்கள் வீடுகளில் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று கேலி பேசினார்கள். ஆனால் உள்ளே பசி ஏறியது. கப்பலிலிருந்து கொட்டிய கழிவு அலையில் மதிலடிக்கு ஒதுங்கியதை எடுத்துத் தின்றார்கள். பிளெமிஷ் ஆட்கள் தின்று போட்ட பாதி அத்திப்பழங்களைப் பொறுக்கச் சிலர் இருட்டில் இறங்கி வந்தார்கள். அது தெரிந்ததும் பிளெமிஷ் ஆட்கள் பழத்தை வைத்துக் கண்ணி விரித்துப் பிடித்தார்கள். இதை வேடிக்கைபோல எழுதி வைத்திருக்கும் கடிதத்தைப் படிக்கும்போது மனம் கசக்கிறது.

ஆங்கிலேயர் இரண்டு கல்லெறி பொறிகளை நிறுத்தினார்கள். ஒன்று ஆற்றங்கரையில் மாலுமிகள் பொறுப்பில், மற்றொன்று இரும்பு வாசலுக்கு எதிரே வீரர்கள் பொறுப்பில். நூறு நூறு பேராகப் பிரிந்து, சைகை கேட்டதும் முறை மாறினார்கள். 10 மணி நேரத்தில் 5,000 கல் பறந்ததாகக் கணக்கு. இந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்: பொறி ஒன்றுக்கு மணிக்கு 250, அதாவது சுமார் 14 வினாடிக்கு ஒரு கல். பின்னாளில் வந்த, எடைப்பெட்டி தொங்கும் பெரிய பொறியால் இந்த வேகம் முடியாது. ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஒரே நேரத்தில் இழுக்க, நெடுங்கோலின் மறுமுனைக் கவண் கல்லை வீசும் வகைதான் இது. கல் சிறியது, மதிலை உடைக்காது. மதில்மேல் எவனும் தலை நீட்ட முடியாமல் செய்வதே அதன் வேலை. கைகள் ஓய்ந்தால் வேகம் குறையும். அதனால்தான் நூறு பேர் முறை.

கிழக்கே ஜெர்மானியரும் பிளெமிஷ் மக்களும் புதிய சுரங்கம் தொடங்கினார்கள். ஐந்து வாய்கள், உள்ளே 40 முழ நீளம், ஒரு மாத வேலை. முழத்தை 45 சென்டிமீட்டராக எண்ணினால் ஏறக்குறைய 18 மீட்டர். மதிலின் அஸ்திவாரத்தை வெட்டி எடுத்துக்கொண்டே மரத்தூண்களை முட்டுக்கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் விறகு திணித்துக் கொளுத்துவார்கள். தூண் எரிந்ததும் மேலே உள்ள மதில் தன் எடையாலேயே உட்காரும். செப்டம்பர் 29 அன்று மூர்கள் வெளியே பாய்ந்து சுரங்க வாயைப் பிடிக்கப் பார்த்தும் முடியவில்லை. அக்டோபர் 16 இரவு தீ வைத்தார்கள். 30 முழ மதில் விழுந்தது.

மதில் விழுந்தும் நகரம் விழவில்லை. இடிந்த வாயை உள்ளிருந்தவர்கள் மரத்தூண்களால் அடைத்து நின்றார்கள். அப்போது ஆங்கிலேயர் உதவிக்கு ஓடி வர, ஆர்னோல்டின் ஆட்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்: இந்த உடைப்பு எங்களுடையது, உங்கள் பொறியை நீங்கள் பாருங்கள். எல்லோர் கண்ணும் கொள்ளை மேல் இருந்ததால் உடைப்பும் சொத்தாகிவிட்டது. முழுப் படையும் அன்று அந்த வாயில் நுழைந்திருந்தால் முற்றுகை அத்தோடு முடிந்திருக்கும்.

ஆங்கிலேயர் பக்கம் இரண்டாவது கோபுரத்தைக் கட்டியவர் பீசா நகரத்துப் பொறிஞர் ஒருவர். செலவில் மன்னரும் கைகொடுத்தார். உயரம் 83 அடி, முன்னதைவிட 12 அடி குறைவு. முகப்பில் பிரம்பு முடைசலும் மாட்டுத்தோலும். மேலே ஊற்றும் நீர் தோல் முழுவதும் வழிந்து நனைத்தது. அக்டோபர் 19 அன்று பேராயர் மந்திரித்ததும் நகர்த்தத் தொடங்கினார்கள். இந்த முறை மணல் அல்ல, கடல் ஏற்றம் எதிரியானது. தேஜோவின் அந்தப் பகுதியில் ஏற்றவற்றம் உண்டு. நீர் ஏறியதும் கோபுரம் தீவாகிவிடும். உள்ளே இருப்பவர்களுக்குப் பாளையத்திலிருந்து ஆள் போக முடியாது. மூர்கள் அதைக் கவனித்து, நீர் ஏறிய நேரம் பார்த்து வாசலைத் திறந்து பாய்ந்தார்கள். நெருப்பு, எண்ணெய், கல் எல்லாம் அந்த நேரத்தில் வந்தன. இப்ஸ்விச் பக்கத்து இளைஞர்கள் ஏழு பேர், முடைந்த பிரம்புக் கூரை ஒன்றின் அடியில் கோபுரத்தின் காலடியிலேயே கிடந்து தீ பிடிக்காமல் காத்தார்கள். முற்றுகைக் கோபுரம் என்றால் உச்சியில் நிற்பவனைத்தான் படம் வரைவார்கள். இங்கே கோபுரம் பிழைத்தது இந்த ஏழு பேரால்.

நீர் வற்றியதும் மதிலருகே கொண்டுபோய், பாலத்தை மதிலுக்கு இரண்டு முழம் வரை நீட்டியபோது மூர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அக்டோபர் 21.

சரணும் கலகமும்

பிணையாக வந்த ஐந்து பேரை ஹெர்வி டி கிளான்வில்லும் மன்னரின் ஆள் பெர்னாந்தோவும் வாங்கினார்கள். அவர்கள் மன்னர் பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாசனம் சொல்லாமல் விட்ட இடம் இதுதான். நகரத்தின் பணம் மன்னர் வழியாகக் கைமாறிவிடும் என்ற பயத்தில் பாளையம் கொதித்தது. பிரிஸ்டல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் மாலுமிகளைத் தூண்டிவிட, 400 பேர் ஆயுதத்தோடு துரோகி ஹெர்வியைத் தேடிக் கிளம்பினார்கள். பிளெமிஷ் ஆட்கள் பிணைக் கைதிகளைப் பறிக்கப் புறப்பட்டார்கள். இந்த அவமானத்தோடு முற்றுகையைத் தொடர மாட்டேன் என்று மன்னர் சொன்ன பிறகுதான் தலைவர்கள் இறங்கி வந்து, அவர் நாட்டில் இருக்கும்வரை அவருக்கு விசுவாசமாக இருப்பதாக ஆணையிட்டார்கள்.

கடைசி ஏற்பாடு: இரு தரப்பிலும் குறித்த எண்ணிக்கையில் சேர்த்து 300 பேர் முதலில் நுழைந்து மேல்கோட்டையைப் பிடிப்பது, நகரத்தார் பணத்தையும் பொருளையும் அங்கே கொண்டுவந்து ஒப்படைப்பது, பிறகு நகரைச் சோதனையிடுவது, யார் வீட்டிலாவது மறைத்த பொருள் இருந்தால் வீட்டுக்காரர் தலை போகும், ஒப்படைத்தவர்கள் உயிரோடு வெளியேறலாம். வாசல் திறந்ததும் கொலோன், பிளெமிஷ் ஆட்கள் 200-க்கும் மேல் கூடுதலாக நுழைந்தார்கள். தாங்கள் இடித்த உடைப்பு வழியாகவும் புகுந்தார்கள். வீடு வீடாகக் கதவை உடைத்தார்கள், துணியைக்கூட உருவினார்கள். நகரில் தலைமுறைகளாக வாழ்ந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முதிய பிஷப்பைக் கழுத்தறுத்தார்கள். கிறிஸ்தவ நகரை மீட்க வந்தோம் என்றவர்கள் அந்த நகரின் கிறிஸ்தவத் தலைவரையே கொன்றார்கள். இந்த முற்றுகையை வெறும் மதப்போர் என்று சுருக்கிச் சொல்பவர்கள் இந்த ஒரு கொலையை எப்படிப் பொருத்துவார்கள்? நகரத்துத் தலைவனின் அரபுக் குதிரை ஒன்றுக்காக ஆர்ஷாட் பிரபு பிடித்த பிடிவாதமும் அந்த நாட்களின் கதையில் சேர்ந்தது.

ராவுல் இதில் ஆங்கிலேயரை உத்தமராகக் காட்டுகிறார். அவர் அந்தப் பாளையத்து ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்று வாசல்கள் வழியாக சனிக்கிழமை காலை முதல் அடுத்த புதன் வரை மக்கள் வெளியேறினார்கள். ஏழு வரிசைத் தூண்கள் கொண்ட பெரிய பள்ளிவாசலில் ஏறக்குறைய 200 பிணங்களும் 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளும் கிடந்தார்கள். அதே நகரில் 8,000 பொதி கோதுமையும் 12,000 படி எண்ணெயும் கண்டெடுக்கப்பட்டன.

துறவிகள் வந்த வழி

லிஸ்பன் மதிலில் துறவிகள் வாள் வீசவில்லை. அவர்கள் பங்கு முன்னும் பின்னும் இருந்தது. முன்னால், சிஸ்டெர்சியன் துறவி கிளேர்வோ பெர்நார்டு பிளாண்டர்ஸிலும் ரைன் நதிக்கரையிலும் செய்த பிரசங்கம் ஆட்களைக் கப்பலேற்றியது. பின்னால், பிடித்த நிலத்தில் குடியேறி உழுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. 1153-இல் அபோன்சோ அல்கோபாசா நிலத்தை பெர்நார்டின் மடத்துக்குக் கொடுத்தார். அது போர்ச்சுகலின் மிகப்பெரிய மடமாக வளர்ந்தது. நகரம் மன்னர் கைக்கு வந்த பிறகு லிஸ்பனின் முதல் பிஷப்பாக ஹேஸ்டிங்ஸ் கில்பர்ட் என்ற ஆங்கிலேயர் அமர்ந்தார். பிறகு இன்னொரு படைக்கு ஆள் திரட்ட இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்ப் பிரசங்கம் செய்தார். ஜெர்மானியர் தங்கள் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் சாவோ விசென்டே மடம் எழுந்தது.

டெம்ப்ளர் வீரத்துறவிகளுக்கு மன்னர் சாண்டாரெமின் திருச்சபை வருமானத்தைக் கொடுத்திருந்தார். லிஸ்பனில் பிஷப் வந்ததும் அந்த வருமானம் யாருக்கு என்று வழக்கு மூண்டது. 1159-இல் டெம்ப்ளர்கள் அதை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு செராஸ் கோட்டையை வாங்கினார்கள். அந்த நிலத்தில்தான் அவர்கள் தலைவர் குவால்டிம் பாயிஸ் 1160-இல் தோமார் கோட்டையைத் தொடங்கினார்.

முற்றுகையிட்டவர்களில் பெரும்பகுதி 1148 பிப்ரவரியில் கிழக்கே கப்பலேறியது. சிலர் வழியில் நின்று அந்த ஆண்டு டிசம்பரில் பார்சலோனா பிரபு டோர்டோசாவைப் பிடிக்கக் கைகொடுத்தார்கள். தங்கியவர்களுக்கு நிலம் கிடைத்தது: அடூகியா, லோரினியா, விலா வெர்டி ஆகிய ஊர்கள் இப்படி வெளிநாட்டு வீரர்கள் கைக்குப் போனவை, கடைசி ஊரின் பெயரில் ‘பிராங்குகள்’ என்ற ஒட்டு இன்றும் இருக்கிறது. வெளியேறாமல் எஞ்சிய முஸ்லிம்களுக்கு, லிஸ்பன் உள்ளிட்ட நான்கு ஊர்களுக்குச் சேர்த்து, மன்னர் 1170-இல் தனி உரிமைச் சாசனம் கொடுத்தார். கிறிஸ்தவரோ யூதரோ அவர்களைத் துன்புறுத்தக் கூடாது, அவர்கள் தங்கள் நீதிபதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், அதற்கு ஈடாகத் தலைவரி கட்ட வேண்டும்.

1189-இல் தெற்கே சில்வேஸ் நகரில் இதே முறை மறுபடி நடந்தது. மன்னர் முதலாம் சாஞ்சோ, வழிப்போக்கான சிலுவைக் கப்பல்கள், கொள்ளை அந்நியருக்கு நகரம் மன்னருக்கு என்ற அதே பேச்சு. செப்டம்பரில் சரணடையும் நேரத்தில் அதே சண்டையும் வந்தது: மக்கள் தங்கள் பொருளோடு போகட்டும், ஈடாகப் பொற்காசு தருகிறேன் என்று மன்னர் 10,000-இலிருந்து 20,000 வரை ஏற்றிக் கேட்டும் அந்நியர் மறுத்துவிட்டார்கள். அங்கும் ஒரு பிளெமிஷ் குரு, நிக்கோலஸ் என்பவர், பிஷப்பானார். ஆனால் லிஸ்பன்போலத் தங்கி நிலம் வாங்கியவர்கள் அங்கே போதவில்லை, ஆற்றின் மேற்பகுதியில் காவலுக்கு ஒரு சாண்டாரெமும் இல்லை. 1191-இல் அல்மொஹாது படை வந்து நகரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.